ஆடு தொடாத செடி

தேனி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து வீரபாண்டி வரை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் இடமெல்லாம் நெல்லும் தென்னையும் திராட்சைப் பந்தலுமாக இருக்கும். தண்ணீர் ஏறாத மேட்டிலும், குப்பைக்கிடங்கின் ஓரத்திலும், மயானத்துச் சுவர் விரிசலிலும் நித்தியகல்யாணி நிற்கும். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதுமில்லை. சித்திரை வெயிலில் சுற்றியுள்ள புல்லெல்லாம் கருகிப்போன பிறகும், இளஞ்சிவப்பிலோ வெள்ளையிலோ ஐந்து இதழை விரித்து வைத்துக்கொண்டு அது பாட்டுக்கு இருக்கும். ஆடு கிட்டே போய் மோந்துவிட்டு நகர்ந்துவிடும். இலை அத்தனை கசப்பு. காம்பை ஒடித்தால் கொஞ்சம் பால் கசியும்.

வாசலில் தொட்டியில் வளர்ப்பவர்களும் உண்டு, சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டுக்குள் விடாதவர்களும் உண்டு. ஆனால் சர்க்கரை நோய் வந்துவிட்டால் இரண்டு தரப்பும் இந்தச் செடியைத்தான் தேடும். ஐந்தாறு பூவை அரை லிட்டர் தண்ணீரில் போட்டு, பாதியாக வற்றக் காய்ச்சி, நாளுக்கு நாலு வேளை குடிப்பது எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். நம் முன்னோர் கண்ட மூலிகை என்று சொல்லித்தான் அந்தக் கஷாயத்தைக் கொடுப்பார்கள்.

முன்னோர் என்றால் எத்தனை தலைமுறைக்கு முன்னால் என்பதில்தான் சிக்கல். இந்தச் செடியின் சொந்த ஊர் மடகாஸ்கர். அங்கிருந்து விதை பாரிஸின் அரசத் தோட்டத்துக்குப் போனது. அங்கிருந்து லண்டனின் செல்சி மருந்துத் தோட்டத்துக்கு வந்து, தோட்டத் தலைவர் பிலிப் மில்லர் கையில் 1750களில் பூத்தது. 1759இல் லின்னேயஸ் அதற்கு வின்கா ரோசியா என்று பெயர் வைத்தார். இன்று தாவரவியலில் கதராந்தஸ் ரோசியஸ். பூ அழகாக இருந்தது, எந்த மண்ணிலும் வந்தது, கப்பல் போன இடமெல்லாம் கூடவே போனது. வெப்பநாடுகளில் தோட்டத்து வேலியைத் தாண்டிக் குதித்து காட்டுச்செடியாகிவிட்டது. நம் ஊருக்கு வந்து சுமார் இருநூற்றைம்பது வருஷம் இருக்கும். மிளகாயும் மரவள்ளியும் வந்த மாதிரி இதுவும் வந்து, வந்தது மறந்து, மரபாகிவிட்டது.

ஆச்சரியம் என்னவென்றால், போன இடமெல்லாம் இதற்குச் சர்க்கரை வைத்தியர் வேலைதான் கிடைத்தது. ஜமைக்காவில் தேநீர் மாதிரி போட்டுக் குடித்தார்கள். பிலிப்பைன்ஸில் இரண்டாம் உலகப்போரின்போது இன்சுலின் கிடைக்காமல் போக, இந்த இலையை வைத்துச் சமாளித்தவர்கள் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்திராத மக்கள் ஒரே செடியில் ஒரே குணத்தைக் கண்டார்கள் என்றால் விஷயம் இருக்கத்தான் வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். விஷயம் இருந்தது. சர்க்கரையில் இல்லை.

1952இல் ஜமைக்காவின் பிளாக் ரிவர் ஊரைச் சேர்ந்த டாக்டர் ஜான்ஸ்டன், இருபத்தைந்து இலைகளை உறையில் போட்டு டொராண்டோவில் இருந்த டாக்டர் கிளார்க் நோபிளுக்கு அனுப்பினார். தன்னிடம் வரும் சர்க்கரை நோயாளிகள் இதைக் குடிக்கிறார்கள், என்னதான் இருக்கிறது என்று பாருங்கள் என்பது கோரிக்கை. கிளார்க் நோபிளுக்கு இன்சுலினோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 1921இல், இன்சுலினைக் கண்டுபிடிக்கவிருந்த பான்டிங்குக்கு உதவியாளராக யார் முதலில் போவது என்று இரண்டு மாணவர்கள் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். ஜெயித்த பெஸ்ட் வரலாற்றில் இடம்பிடித்தார். தோற்றவர் இந்த நோபிள். சர்க்கரைக்கு மருந்து என்று வந்த உறையைத் தன் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்துவிட்டார். ராபர்ட், கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்.

இலைச்சாற்றை வாய்வழியாகக் கொடுத்தபோது விலங்குகளின் ரத்தச் சர்க்கரை அசையவே இல்லை. பெரும்பாலான மூலிகை ஆராய்ச்சி இந்த இடத்தில் முடிந்துவிடும். முடிவு எதிர்மறை, கோப்பை மூடு, அடுத்த செடியை எடு. ராபர்ட் சாற்றை எலிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார். ஒரு வாரத்துக்குள் எலிகள் செத்தன. விஷம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அறுத்துப் பார்த்தபோது உடம்பில் சீழ்க்கட்டிகள் இருந்தன. எலிகள் நேரடியாக விஷத்தால் சாகவில்லை, கிருமித் தொற்றில் செத்திருக்கின்றன. கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் ரத்தத்தில் அநேகமாக இல்லை. எலும்பு மஜ்ஜை காலியாகக் கிடந்தது.

வெள்ளையணுவை இப்படித் துடைத்தெடுக்கும் ஒரு பொருள், வெள்ளையணு கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. இந்தச் செடியின் வாழ்க்கையில் மிக முக்கியமான கணம் எது என்று கேட்டால், செத்த எலியைத் தூக்கி எறியாமல் அறுத்துப் பார்த்த அந்த மத்தியானம் என்றுதான் சொல்வேன். காலையாகவும் இருந்திருக்கலாம்.

1954இல் சார்லஸ் பியர் என்ற வேதியியலாளர் வந்து சேர்ந்தார். இலைக் குப்பையிலிருந்து அந்த ஒற்றைப் பொருளைப் பிரித்தெடுப்பது அவர் வேலை. வெப்பநாட்டுச் செடியைக் கனடாக் குளிரில் கண்ணாடிக் குடிலுக்குள் வளர்த்து, கிலோ கிலோவாக இலை அரைத்து, கடைசியில் கையில் மிஞ்சியது சில படிகங்கள். இன்று அதன் பெயர் வின்பிளாஸ்டின். 1958இல் நியூயார்க்கில் நடந்த ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னார்கள். அதே சமயம் அமெரிக்காவின் எலை லில்லி கம்பெனியில் கார்டன் ஸ்வோபோடா, பிலிப்பைன்ஸ் கதையைக் கேட்டு அதே செடியைத் தன் சோதனைப் பட்டியலில் சேர்த்திருந்தார். அங்கும் சர்க்கரையைத் தேடித்தான் போனார்கள், லுக்கீமியா வந்த எலிகள் கூடுதல் நாள் உயிரோடிருப்பதைப் பார்த்தார்கள். லில்லியின் ஆட்கள் அதே இலையிலிருந்து இன்னொன்றையும் பிரித்தார்கள். அதுதான் வின்கிரிஸ்டின். 1963இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மூலக்கூறு. ஒன்றில் மீதைல் இருக்கும் இடத்தில் மற்றதில் ஃபார்மைல், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சின்ன மாற்றத்துக்கு, ஒன்று ஹாட்ஜ்கின் நோய்க்கும் விரைப்புற்றுக்கும் போனது, மற்றது குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குப் போனது. ஒன்று மஜ்ஜையை அதிகம் அடிக்கும், மற்றது நரம்பை.

வேலை செய்யும் விதம் இரண்டுக்கும் ஒன்றே. ஒரு செல் இரண்டாகும்போது உள்ளே டியூபுலின் என்ற புரதத்தால் நுண்ணிய இழைகள் கட்டப்படும். அந்த இழைகள்தாம் குரோமோசோம்களைப் பிடித்து இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கும். நித்தியகல்யாணிப் பொருள் டியூபுலினைப் பிடித்துக்கொண்டு இழை கட்டவிடாது. பாதியில் நின்ற செல் செத்துப்போகும். புற்றுசெல் வேகமாகப் பிரிவதால் முதலில் அடிபடுகிறது. வேகமாகப் பிரியும் முடியின் வேரும் கூடவே அடிபடுகிறது. நரம்பு செல் பிரிவதே இல்லையே, அது ஏன் மாட்டிக்கொள்கிறது? முதுகிலிருந்து கால் விரல் வரை நீளும் நரம்புக்குள் அதே டியூபுலின் இழைகள் மதுரை–போடி தண்டவாளம் மாதிரி நீளவாக்கில் கிடக்கின்றன. சத்தும் சரக்கும் அதன் வழியாகத்தான் கடைசி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர வேண்டும். வின்கிரிஸ்டின் ஏறிய குழந்தைக்குக் கால்விரல் மரத்துப்போவதும், சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்காமல் போவதும், மலச்சிக்கலும் இதனால்தான்.

இலையிடம் திரும்ப வருகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி இலைக்குள்தான் இருக்கிறது. வின்பிளாஸ்டின் இரண்டு பாதி சேர்ந்த பொருள். ஒரு பாதி கதராந்தின், மறுபாதி விண்டோலின். இந்த இரண்டையும் செடி தாராளமாகவே செய்கிறது. ஆனால் சேர விடுவதில்லை. 2010இல் கனடா ஆய்வாளர்கள் இலையைக் கரைப்பானில் ஒரு முக்கு முக்கி எடுத்துப் பார்த்தார்கள். மேல்தோலின் மெழுகு மட்டும் கரைந்து வரும்படியான முக்கல். கதராந்தின் அத்தனையும் அந்த மெழுகோடு வந்துவிட்டது. விண்டோலின் இலைக்குள்ளேயே தங்கிவிட்டது. நாம் இலையைத் தடவும்போது விரலில் படும் மினுமினுப்பில் ஒரு பாதி இருக்கிறது, உள்ளே சில தனி செல்களில் மறுபாதி பூட்டிக் கிடக்கிறது. இரண்டும் சந்திப்பது அபூர்வம். செடிக்கு இது தற்காப்பு. புழு கடித்தால் சந்திப்பு உண்டு, இல்லாவிட்டால் தன் விஷத்தில் தானே மாட்டிக்கொள்ள அதற்கென்ன தலையெழுத்து?

ஆனால் மருந்து செய்பவனுக்கு அதுவே தலைவலி. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குக் கிட்டத்தட்ட 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு 2 டன். மானாவாரியில் ஒரு ஹெக்டேர் நித்தியகல்யாணி போட்டால் சுமாராகக் கிடைக்கும் உலர் இலையே 2 டன்தான். பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கு வின்கிரிஸ்டின் 2 மில்லிகிராமுக்கு மேல் போடுவதில்லை. ஆக, ஒரு ஊசிக்குப் பின்னால் 4 கிலோ காய்ந்த இலை இருக்கிறது. அதனால் ஆலைகளில் இரண்டு பாதிகளையும் தனித்தனியே பிரித்தெடுத்துச் சேர்ப்பதும், வின்பிளாஸ்டினை வின்கிரிஸ்டினாக மாற்றுவதும் நடக்கிறது. எப்படிச் செய்தாலும் தொடக்கம் இலைதான்.

அந்த இலைக்குத்தான் தமிழ்நாட்டுக் கரிசலும் செம்மண்ணும் தேவைப்பட்டன. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் மழையை நம்பிய நிலத்தில் இதை விதைத்தார்கள். ஒன்றுமே வராத மண்ணிலும் வரும், ஆடு மாடு தொடாது, வேலி வேண்டாம். உலர்ந்த இலை அமெரிக்காவுக்கும் ஹங்கேரிக்கும் போனது. வேர் ஐரோப்பாவுக்குப் போனது. வேரில் உள்ள அஜ்மாலிசின் ரத்த ஓட்டக் கோளாறுகளுக்கான மருந்து என்பதால், பல வருஷம் விவசாயிக்கு இலையைவிட வேரில்தான் காசு. புற்றுநோய்ச் செடி என்று நாம் பெருமைப்பட்ட நேரத்தில், சாக்குக் கட்டிய வியாபாரிக்கு அது பிரஷர் செடி.

இங்கிருந்து இலை போய், அங்கிருந்து ஊசி வந்தது. ஊசியின் விலையும் அங்கிருந்தே வந்தது. 1984இல் சிப்லா கம்பெனி, புனேயின் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து வின்பிளாஸ்டினையும் வின்கிரிஸ்டினையும் இந்தியாவிலேயே செய்யத் தொடங்கியது. இந்தியாவுக்கு மருந்து வந்த கதையில் அந்த வருஷத்துக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, 1960இலேயே குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு வைத்திருந்தது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். அந்த மருத்துவமனையும், மும்பை டாடா நினைவு மருத்துவமனையும், டெல்லி எய்ம்ஸும், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத்தோடு சேர்ந்து 1984இல் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு ஒரே மாதிரியான சிகிச்சைத் திட்டம் ஒன்றை வகுத்தன. எம்.சி.பி. 841 என்று பெயர். வின்கிரிஸ்டின் அதில் ஒரு தூண். அதற்கு முன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை பிழைத்த நிலை மாறி, நான்கு வருஷம் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்த குழந்தைகள் மையத்துக்கு மையம் நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது வரை ஆனார்கள்.

கம்பம், உத்தமபாளையம், போடியிலிருந்து மதுரை அரசு மருத்துவமனைக்கும் அடையாறுக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவர்கள் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். தேனியை அடுத்த கானாவிலக்கில் மருத்துவக் கல்லூரி வந்தது 2004இல்தான். அவர்கள் பையில் கொண்டுபோன கட்டுச்சோற்றோடு கஷாயப் பொடியும் இருந்திருக்கும் என்று சத்தியம் செய்வேன்.

சின்னமனூரில் ஒரு பெரியம்மா என்னிடம் கேட்டார்: “ஏப்பா, இந்தப் பூவுலதான் கேன்சர் ஊசி செய்றாகளாம்ல? அப்ப நாமளே அவிச்சுக் குடிச்சா என்ன?”

“ஊசியில எம்புட்டு இருக்குன்னு அவுகளுக்குத் தெரியும் பெரியம்மா. கஷாயத்துல எம்புட்டு இருக்குன்னு நமக்குத் தெரியாதே.”

அவருக்குத் திருப்தியில்லை. நியாயமான கேள்வி என்பதால் விரிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தப் பொருள்கள் வாய்வழியாகப் போனால் உடம்பு சரியாக ஏற்றுக்கொள்ளாது, அதனால்தான் ரத்தநாளத்தில் ஏற்றுகிறார்கள். ஏற்றும் அளவு மில்லிகிராமில். கொஞ்சம் கூடினால் நரம்பு போகும். நாளத்தில் போட வேண்டியதைத் தவறி முதுகுத்தண்டில் போட்டால் அநேகமாக மரணம்தான். அதனால் மருந்துப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சடித்து வருகிறது. கஷாயத்தில் இறங்குவதோ நூற்றுக்கும் மேற்பட்ட அல்கலாய்டுகளின் கலவை. அதில் ரத்த அழுத்தத்தை இறக்குவனவும் உண்டு. கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர் இதையும் குடித்தால், எது எதோடு சேர்ந்து என்ன செய்கிறது என்று டாக்டருக்கும் தெரியாது.

இதைச் சொல்லும்போது நம் கல்லூரிகள் பற்றியும் சொல்லாமல் முடியாது. மேகமலை, வருசநாடு மலைப் பக்கம் பளியர் பழங்குடிகள் பயன்படுத்தும் மூலிகைகளைச் சென்னை லயோலா கல்லூரியின் இக்னேசிமுத்துவும் அவருடைய குழுவினரும் தேனி மாவட்டத்தில் அலைந்து தொகுத்து 2008இல் வெளியிட்டார்கள். நல்ல வேலை. இந்த மாதிரிப் பட்டியல்களிலிருந்து ஒரு செடியை எடுத்து, சாறு பிழிந்து, கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுசெல்மீது ஊற்றி, செல் செத்தது என்று கட்டுரை எழுதுவது இப்போது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. தட்டில் கிடக்கும் செல்லைக் கொல்ல உப்புத் தண்ணீரே போதும். மில்லிலிட்டருக்கு 20, 30 மைக்ரோகிராமுக்குள் பாதி செல்லைக் கொன்றால்தான் ஒரு சாற்றை மேற்கொண்டு பார்க்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். நூறிலும் இருநூறிலும் கொன்றதையெல்லாம் புற்றுநோய் மருந்து என்று தலைப்பிட்டால் மறுநாள் அது வாட்ஸ்அப்பில் கஷாயமாகிவிடும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1982 வரை 1,14,000 தாவரச் சாறுகளைச் சோதித்தது. பெரிதாகத் தேறியவை இரண்டு: டாக்சால், காம்டோதெசின்.

இரண்டாவதற்கு நம் மலையோடு தொடர்புண்டு. 1966இல் மன்ரோ வாலும் மன்சுக் வானியும் சீனத்து மரம் ஒன்றிலிருந்து காம்டோதெசினை எடுத்தார்கள். 1972இல் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மாப்பியா ஃபெட்டிடா மரத்தில் அதே பொருள் இருப்பதைக் கண்டார்கள், அதுவும் கூடுதலாக. கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர், பிறகு பம்பாய் கோரேகானில் சீபா ஆய்வு மையத்துக்குத் தலைமை தாங்கியவர். கசக்கினால் நாற்றமடிக்கும் மரம் என்பதை அதன் பெயரே சொல்லிவிடுகிறது. டோபோடெக்கான், இரினோடெக்கான் மருந்துகள் 1990களில் சந்தைக்கு வந்ததும் மரத்துக்குக் கிராக்கி பிறந்தது. நித்தியகல்யாணியை விதைத்து அறுத்தார்கள். இதை வெட்டிச் சீவி ஏற்றுமதி செய்தார்கள். மருந்து கட்டையிலும் வேரிலும் இருப்பதால் வெட்டினால் மரம் முடிந்தது. ஒரு களைச்செடி பிழைத்த இடத்தில் ஒரு காட்டு மரம் குறைந்துபோனது. புது மருந்து மலையில் இருக்கிறது என்று அறிவிக்கும் ஒவ்வொருவரும் இந்த மரத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

நித்தியகல்யாணி சம்பாதித்ததில் மடகாஸ்கருக்கு ஒன்றும் போகவில்லை என்று ஒரு நெடுநாள் குறை உண்டு. குறை நியாயம்தான், ஆனால் பங்கு கேட்டால் யாருக்குக் கொடுப்பது? விதை போனது மடகாஸ்கரிலிருந்து, இலை போனது ஜமைக்காவிலிருந்து, தகவல் பிலிப்பைன்ஸிலிருந்து, சரக்கு தமிழ்நாட்டிலிருந்து. பளியர் சொல்லித் தெரிந்த செடிக்கு இந்தக் குழப்பம் வராது, யார் சொன்னது என்பது எழுத்தில் இருக்கிறது. 2002இன் பல்லுயிர்ச் சட்டப்படி அதில் அவர்களுக்குப் பங்கு கொடுத்தாக வேண்டும்.

2019இல் ஒரு கம்பெனி உற்பத்தியை நிறுத்தியதும் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டினுக்குத் தட்டுப்பாடு வந்து, குழந்தை வார்டுகள் திண்டாடின. 2022இல் டென்மார்க், அமெரிக்க ஆய்வாளர்கள் நித்தியகல்யாணியின் முப்பது வேதிப்படிகளையும் ஈஸ்டுக்குள் ஏற்றி, கதராந்தினையும் விண்டோலினையும் தொட்டியில் செய்ய வைத்தார்கள். பெரிய சாதனை. கிடைத்தது லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில். அது கிலோக் கணக்குக்கு வளரும்வரை, விதைத்த ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை உருவி, நிழலில் உலர்த்தி, பன்னிரண்டாம் மாதம் செடியை அறுத்து வேரைத் தோண்டி, சாக்கில் கட்டி எடைபோடும் வேலை மானாவாரிக் காட்டில் நடந்தாக வேண்டும்.